மூணு துப்பாக்கி: குடகில் ஒரு பட்டறையும் எங்கள் வீட்டுக் கதையும்

சிவகங்கைப் பக்கம் எங்க பெரியப்பா வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல். வாய் வழியா மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற வகை. லைசென்ஸ் புத்தகத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். காட்டுப்பன்றிக்காக வெச்சிருக்கோம் என்று அர்த்தம். அது வெடிச்சு நான் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். சந்தனப் பொட்டு வைப்போம். தொட்டுக் கும்பிட்டுக்கலாம், தூக்கக் கூடாது.

அதைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மருது பாண்டியர் படையில் இருந்த எங்க முப்பாட்டன் ஒருத்தர் வெச்சிருந்ததாம். வெள்ளைக்காரன் ஊர் ஊரா ஆயுதத்தைப் பிடுங்கினப்போ வைக்கோல் படப்புக்குள்ளே ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினாராம். சின்ன வயசில் இதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் ஒதுங்கினதே இந்தக் கதையால்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பெரியப்பா போய் இரண்டு வருஷம் ஆச்சு. லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால், துப்பாக்கியை டவுனில் ஒரு ஆயுதக் கடையில் ஒப்படைச்சு ரசீது வாங்கி வெச்சிருக்கோம். வாரிசு பேரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கணும். இல்லையென்றால் அரசாங்கத்திடம் கொடுத்துவிடணும். அண்ணன் (பெரியப்பா மகன்) போனில் தெளிவாச் சொல்லிட்டார். "டேய், மருது காலத்துதுன்னா எத்தனை தடவை வேணும்னாலும் அலையுறேன். இல்லாட்டி இந்த இரும்புக்காக ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் என்னால நடக்க முடியாது. நீதான் படிச்சவன்ல, கண்டுபிடிச்சுச் சொல்லு."

பி.இ. படிச்சவனுக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும்? ஆனால் கடையில் ஒப்படைக்கிறதுக்கு முன்னால் நான் 14 போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். கூடவே அதோட மருந்துக்கொம்பு, அதாவது வெடிமருந்து வைக்கிற மாட்டுக் கொம்பு, என்னிடம் இருந்தது. பெங்களூரில் என்கூட வேலை பார்க்கிற குடகுக்காரர் ஒருத்தரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "எங்க ஊர்ல ஒரு அங்கிள் இருக்கார். கைல்பொள்துக்கு முன்னாடி வாங்க, பட்டறையே களை கட்டியிருக்கும்" என்றார்.

அப்படித்தான் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மைசூர், ஹுன்சூர், கோணிகொப்பல் வழியா விராஜ்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் போய் நின்றேன். விடாத மழை.

முன்னறை கடை, பின்னறை பட்டறை. கடை என்றதும் கண்ணாடி, விளக்கு என்று கற்பனை பண்ண வேண்டாம். ஒரு மர மேஜை, ஒரு பீரோ, சுவரோரம் ஒரு தாங்கி. அந்தத் தாங்கியில் முப்பது துப்பாக்கியாவது சாய்ஞ்சிருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டின அட்டை. அதில் ஆள் பேர் இல்லை. ஒக்காவின் பேர், அதாவது கொடவர் குலக் குடும்பத்தின் பேர் எழுதியிருந்தது. துப்பாக்கி ஒரு ஆளுடையது இல்லை, வீட்டுடையது. மண்ணெண்ணெய் வாசமும் ஈர மரத்தின் வாசமும் கலந்து அடிச்சது.

கைல்பொள்து என்பது செப்டம்பர் 3 அன்று குடகில் கொண்டாடுகிற ஆயுதத் திருவிழா. மழைக்காலத்தில் நாற்று நடவு நடக்கும்போது துப்பாக்கி, கத்தி எல்லாவற்றையும் பூஜை அறையில் வெச்சிடுவாங்க. நடவு முடிஞ்சதும் எடுத்து, துடைச்சு, பூ வெச்சுக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வெளியே கொண்டு போவாங்க. அன்னைக்கு உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறி பார்த்துச் சுடுற போட்டியும் உண்டு. இரண்டு மாச ஈரத்தில் பூத்த துருவை எடுக்கத்தான் அந்த முப்பதும் அங்கே வரிசையில் நின்றன.

துப்பாக்கிக்குச் சூட்டுகிற பூவுக்குக் கொடவ மொழியில் 'தோக் பூ' என்று பேர். தோக் என்றால் துப்பாக்கி. மலையாளத்தில் தோக்கு, நம்மிடம் துப்பாக்கி. துருக்கி, பாரசீகப் பக்கமிருந்து வந்த ஒரே சொல் மூணு வீட்டில் மூணு மாதிரி ஆகியிருக்கு. அந்தத் தோக் பூ என்ன பூ என்று பார்த்தால் நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநிலப் பூ. நாம கார்த்திகைப் பூ என்றும் சொல்லுவோம். அங்கே அதைத் துப்பாக்கி முனையில் செருகுகிறார்கள்.

அங்கிளுக்கு எழுபது வயசு இருக்கும். ஐரி சமூகத்தவர். குடகில் கொல்லு வேலையும் தச்சு வேலையும் பரம்பரையாகச் செய்கிறவர்கள் அவர்கள். இளவயதில் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் நாலு வருஷம் இருந்தாராம். அதனால் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். "உக்காருங்க சார். இந்த ரெண்டு கோவியை முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். கோவி என்பது கன்னடத்தில் துப்பாக்கி.

காத்திருந்த நேரத்தில் எனக்கு உறைத்தது இதுதான். ஒரு சாதாரணக் கிராமத்துப் பட்டறையில் முப்பது துப்பாக்கி நிற்கிறது, யாரும் பதறவில்லை. சிவகங்கையில் ஒரே ஒரு துப்பாக்கிக்கு நாங்கள் இரண்டு வருஷமாக ரசீது வெச்சுக்கிட்டு அலைகிறோம். ஒரே நாடு, ஒரே ஆயுதச் சட்டம். எங்கே பிரிந்தது?

பிரிந்த இடம் இரண்டு தேதிகளில் இருக்கு. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்தான்) ஓர் அறிக்கை விட்டார். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கணும், ஆயுதங்களை ஒப்படைக்கணும், அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. தெற்கே ஆயுதம் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அதோடு முடிந்தது. எங்க வீட்டுக் கதையில் வருகிற 'பிடுங்கல்' இதுதான்.

குடகின் கதை நேர் எதிர். 1834-இல் கம்பெனி குடகு அரசரை இறக்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டது. 1837-இல் சுள்யா, குடகுப் பக்கம் ஒரு கிளர்ச்சி எழுந்தபோது, கொடவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனிக்குத் துணை நின்றார்கள். அதற்காகத் தங்கத்திலும் வெள்ளியிலும் பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள். 1857-க்குப் பிறகு இந்தியா முழுக்க ஆயுதப் பறிப்புச் சட்டம் வந்தபோது, மைசூர், குடகு கமிஷனராக இருந்த மார்க் கப்பன் 1861 பிப்ரவரியில் அது குடகுக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். பெங்களூர் கப்பன் பார்க்கின் அதே கப்பன். இரண்டு மாசத்தில் ஊர் திரும்பும் வழியில் சூயஸில் இறந்தும் போனார். அவர் போட்ட உத்தரவு இன்றுவரை சாகவில்லை.

1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்ந்தது. (நாட்டு மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷம், அதே ஆள்.) சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் கொடவர்களுக்கும், 'ஜம்மா' நிலம் வைத்திருக்கிறவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவிக்கை போட்டார்கள். ஜம்மா என்பது படைக்கு ஆள் தருவதற்காகப் பாதி வரியில் பரம்பரையாக விடப்பட்ட நிலம். 2019-இல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. இனத்தைப் பார்த்து விலக்கு தருவது சரியா என்று வழக்கும் போட்டார்கள். 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது.

குடகு நண்பர்கள் இதை வீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்பார்கள். கொடவர்களுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு கப்பனுக்கு வெகு முந்தையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு வேட்டு, புத்தரி நாளில் முதல் கதிர் அறுக்கும்போது ஒரு வேட்டு என்று வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. ஆனால் அந்த 1861 தாளை வீரத்துக்காக மட்டும் கொடுத்ததாக என்னால் படிக்க முடியவில்லை. வீரம் சிவகங்கையிலும் இருந்ததே. விசுவாசமாக இருந்த ஊருக்கு அனுமதி, எதிர்த்த ஊருக்குத் தடை. இரண்டு கையெழுத்துக்கும் நடுவே அறுபது வருஷம், ஒரே கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துப்பாக்கி வைத்திருக்கிற கொடவருக்கு லைசென்ஸ் வேண்டாம், விலக்குச் சான்றிதழ் போதும். அதைப் பழுது பார்க்கிற அங்கிளுக்குக் கட்டாயம் லைசென்ஸ் வேண்டும். தயாரிக்க, விற்க, பழுது பார்க்க என்று எல்லாவற்றுக்கும் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அனுமதி கேட்கிறது. மேஜைக்கு மேலே சட்டம் போட்டு அதை மாட்டியிருந்தார். பையன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, மைசூரில் வேலையாம். "எனக்கப்புறம் இந்தத் தாளை மாத்தி எழுத ஆள் இல்லை சார்" என்றார், அரத்தை ஊதிக்கொண்டே.

கை கழுவிவிட்டு வந்து பீரோவைத் திறந்தார். பழைய சாமான்கள் அதில்தான். சுடவே முடியாதவை, பழுது பார்த்தாலும் சுட வராதவை. அப்படிப்பட்டதற்குத்தான் சட்டம் பழம்பொருள் என்று விலக்குக் கொடுக்கிறது. வயசான துப்பாக்கி எல்லாம் பழம்பொருள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லியே வாய் வலிக்கிறதாம். சுடுகிற நிலையில் இருந்தால் இருநூறு வருஷத்துச் சாமானுக்கும் லைசென்ஸ் வேண்டும். நூறு வருஷம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது, 1972 சட்டம் தடுக்கும்.

இரண்டு பூட்டுத் தகடுகளை எடுத்து மேஜையில் வைத்தார். துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கிற, குதிரையும் வில்லும் பொருத்தின இரும்புத் தகடு. இரண்டிலும் கிரீடத்தைப் பிடித்து நிற்கிற சிங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. "எது நிஜம் சொல்லுங்க?" நான் பளிச்சென்று இருந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டினார். அது வார்ப்பு. சிங்கமும் வருஷமும் வார்ப்பிலேயே புடைத்துக்கொண்டு வந்திருந்தன. நிஜத்தில் முத்திரையை அடித்திருப்பார்கள், வெட்டியிருப்பார்கள், கோடு உள்ளே இறங்கியிருக்கும். நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். தெரிந்தது. போலியில் 1790-களின் வருஷம் வேறு போட்டிருந்தது. கம்பெனி இந்தச் சிங்கத்தைத் துப்பாக்கியில் போட ஆரம்பிச்சதே 1808-இல்தான், அதற்கு முன்னால் நாலாகப் பிரிச்ச இதய வடிவக் குறி. "வருஷம் போட்டவனுக்கு வரலாறு தெரியல" என்று சிரித்தார். என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஏமாந்திருப்பேன்.

பிறகு பாடம் எடுத்தார். முதல் வகை, திரி. எரிகிற கயிற்றைக் குதிரை கொண்டுபோய் மருந்துக் குழியில் வைக்கும். அவரிடம் ஒன்று இருந்தது, மரம் முழுக்க உளுத்துப்போய். இரும்புப் பட்டையைக் கம்பி மேல் கயிறு மாதிரிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டின குழல். துடைத்தால் அந்தச் சுற்று வரிவரியாகத் தெரிகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் பட்டறைகளில் புலி வரி போட்டுச் செய்ததெல்லாம் இப்போது லண்டன் ஏலத்தில் போகிறது. இது யாரோ பேர் தெரியாத கொல்லன் செய்தது, பீரோவில் கிடக்கிறது. இரண்டாவது, சக்கிமுக்கிக் கல். கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழும். மூன்றாவது, கேப்பு. தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வெச்சு டப் டப்பென்று அடிச்சோமே, அதே சூத்திரம்தான். செம்புத் தொப்பிக்குள் அடிபட்டால் வெடிக்கிற மருந்து. அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807-இல் இந்த வழிக்குக் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப்பு பரவினது 1820-களில். பிரிட்டிஷ் ராணுவமே 1840-ஐ ஒட்டித்தான் மாறியது.

எனக்கு அடி வயிறு கலங்கியது. எங்க துப்பாக்கி கேப்புத் துப்பாக்கி. பெரியப்பா அந்தச் சின்னச் செம்புத் தொப்பிகளை மாத்திரை டப்பாவில் வைத்திருப்பார்.

போனை நீட்டினேன். "பெருசு பண்ணுங்க" என்றார். பூட்டுத் தகட்டுப் படத்தில் நின்றார். "இங்க பாருங்க, ரெண்டு தொளை. அடைச்சு அரம் போட்டிருக்காங்க. மருந்துக் கிண்ணம் இருந்த இடம். இது முதல்ல கல்லுத் துப்பாக்கி. அப்புறம் கேப்புக்கு மாத்தியிருக்காங்க." அந்தக் காலத்தில் சகஜமாம். கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, குழலின் பக்கத் துளையில் ஒரு சின்ன உருளையைத் திருகி, அதன் மேல் கேப்பு மாட்ட ஒரு காம்பு வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் மருது காலத்துதாக இருக்கலாம்தானே? எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணனுக்கு என்ன மெசேஜ் அனுப்பலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அடுத்த போட்டோ." அது குழலின் அடிப்பக்கம், இடது ஓரம். துருவுக்கு நடுவே இரண்டு சின்னக் குறிகள். தூசி என்று நான் நினைத்திருந்தது. அவர் பூதக்கண்ணாடியைப் போன் திரை மேலேயே வைத்துப் பார்த்தார். பெருக்கல் குறி மாதிரி குறுக்காக இரண்டு செங்கோல், மேலே கிரீடம். பீரோவிலிருந்து ஒரு உடைந்த குழலை எடுத்து அதே குறியைக் காட்டினார். பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. குழலில் அளவுக்கு மீறி மருந்து போட்டு வெடித்து, தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கிற குறி.

அந்தச் சோதனைச் சாலை தொடங்கியது 1813-இல். அதை அவர் சொல்லவில்லை, நான் அங்கேயே உட்கார்ந்து தேடினேன். மருது பாண்டியர் தூக்குக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. அவர் பாட்டுக்கு மற்ற படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். "சார், இது மூணு துப்பாக்கி" என்றார். குழல் பர்மிங்ஹாம். பூட்டு வேறெங்கிருந்தோ வந்தது, முத்திரை இல்லை, வயசு சொல்ல மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கட்டை நம்ம நாட்டு மரம், நம்ம ஊர் வேலை. பூட்டு உட்கார உளியால் குடைந்திருக்கிற இடத்தில் பழைய குடைவு ஒன்றும் தெரிகிறதாம். ஒரு தடவைக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் குதிரையைக் காட்டினார். கேப்பை அடிக்கிற சுத்தி. "இது சீமைச் சாமான் இல்லை. அங்க அச்சுல அடிப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது கோணல். அரத்துல ராவினது. ஆனா பாருங்க, காம்பு மேல சரியா விழுது. அளவு தெரிஞ்ச கை." தன் கையில் இருந்த அரத்தால் காற்றில் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினார், இப்படித்தான் ராவியிருப்பான் என்கிற மாதிரி. "உங்க ஊர்ல யாரோ என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. 1801-க்குப் பிறகு எங்க சீமையில் துப்பாக்கி வேலை தெரிந்த கை செத்துவிட்டது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் கேப்பு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. அந்தக் குதிரையை ராவினவர், கோட்டைகள் இடிந்து ஒரு தலைமுறையாவது தாண்டிய பிறகு, எங்கேயோ ஒரு உலைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

கிளம்பும்போது மருந்துக்கொம்பைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தார், முகம் மாறிவிட்டது. "இதைக் கார்ல வெச்சா கொண்டு வந்தீங்க? உள்ள இன்னும் மருந்து ஒட்டியிருக்கு." பின்னறைக்குக் கொண்டுபோய் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி மூணு தடவை கழுவினார். கறுப்பாகத் தண்ணீர் போனது. பெரியப்பாவோ, அவருக்கு முன்னால் தாத்தாவோ, கடைசியாக எப்போதோ போட்ட மருந்து. காசு வாங்க மறுத்துவிட்டார். காபிப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

ராத்திரி மைசூரில் அறை எடுத்துத் தங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மருது காலத்துது இல்லை."

"குழல் இல்லைண்ணே. பூட்டு சொல்ல முடியாது."

"வைக்கோல் படப்பு?"

"தெரியலண்ணே."

நெடுநேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டார், "அந்தக் குதிரையைச் செஞ்சது நம்ம ஊர்க் கொல்லனா இருக்குமா?"

போன மாசம் அண்ணன் வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு ஒரு தடவை வந்து போயிருக்கிறார்கள். எங்க ஊர்க் கண்மாய்க்குக் கீழே 'கொல்லன் வயல்' என்று ஒரு துண்டு நிலம் இருக்கு. இப்போது அது யார் யார் கையோ மாறிவிட்டது. ஊரில் இன்றைக்குக் கொல்லர் குடும்பம் ஒன்றும் இல்லை. அந்த வயல் முதலில் யாருக்கு, எந்த வேலைக்காக விடப்பட்டது என்று பழைய மானியக் கணக்குகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். பேர் கிடைத்தால் எழுதுகிறேன்.